மகள் வாத்தியார், அப்பா மாணவர்!

வெளி மாநிலத்துக்குப் பிழைக்க வந்த தமிழர் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறது என்று தகப்பனாருக்குத் தெரியாது.

கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். இன்னொரு புத்தகம் இந்தியில். மூன்றாவது மராத்தியில். ஊரில் தமிழில் படித்த அப்பா அவற்றைப் புரட்டிப் பார்ப்பார். படங்கள் மட்டும் புரியும். "டியூஷன் டீச்சரிடம் கேள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

பிள்ளை வளர வளர, இந்த இடைவெளியும் வளர்கிறது. அப்பா சம்பாதித்துப் போடுகிறார், பிள்ளை படிக்கிறது. இருவரும் சேர்ந்து செய்வதற்கு டெலிவிஷன் பார்ப்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கும் ஒரு தொழிலாளியின் வீட்டிலும் இதுதான் நிலைமை. ஆனால் அங்கே மகள் ஒரு நாள் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து விரித்தாள். அப்பாவுக்குப் புரியும் ஒரு பாடம் அன்றுதான் அந்த வீட்டுக்குள் வந்தது.

ஆடு புலி ஆடியவர்

பெயரைப் போட வேண்டாம் என்று அந்தத் தொழிலாளி கேட்டுக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது 44. லோக்கல் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கார் ஷெட் ஒன்றில் ஃபிட்டர். மனைவி வீட்டிலேயே சேலைகளுக்குப் பால்ஸ் அடித்துக் கொடுக்கிறார். ஒரே மகள்.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய குதிரை "தம்பி"யின் படத்தை மகள் டெலிவிஷனில் பார்த்தாள். அடுத்த ஆண்டு அவளுடைய பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் செஸ் வகுப்பு தொடங்கினார்கள். அப்போது அவளுக்கு 9 வயது. குதிரையின் நினைவில் பெயர் கொடுத்துவிட்டாள்.

வகுப்பில் படித்ததை வீட்டில் ஆடிப் பார்க்க ஆள் இல்லை. அம்மாவுக்குத் தையல் வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள். மீதி இருந்தவர் இரவு டூட்டி முடித்துப் பகலில் தூங்கி எழும் அப்பா.

அவருக்குச் செஸ் தெரியாது. தெரிந்ததெல்லாம் கோவில் கல் தரையில் கோடு போட்டு ஆடிய ஆடு புலி ஆட்டம். புலி 3, ஆடு 15. ஆட்டைத் தாண்டிக் குதித்தால் புலி வெட்டிவிடும். புலிகள் நகர முடியாதபடி சுற்றி அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. சின்ன வயதில் அதில் அவர் கெட்டிக்காரர். பிழைப்புக்கு ரயில் ஏறிய பிறகு, 20 ஆண்டுகளாக எந்த ஆட்டமும் ஆடவில்லை.

வஜீரா, மந்திரியா?

முதல் நாளே வீட்டில் சண்டை.

"அப்பா, வஜீரை எடுங்க" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் இந்தியில் சொல்லிக் கொடுப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்கள்தான் தெரியும். வஜீர் என்றால் மந்திரி என்பது அப்பாவுக்குத் தெரியும். கார் ஷெட்டில் தமிழ் ஆட்கள் கேரம் பலகைக்குப் பக்கத்தில் செஸ் ஆடும்போது, கூர்மையான தலை உள்ள காயை மந்திரி என்று சொல்லக் கேட்டிருக்கிறார். அதை எடுத்து நகர்த்தினார்.

"அது ஒட்டகம்ப்பா!"

"என்னட்டி, மந்திரியை ஒட்டகங்கா?"

"வஜீர்னா ராணி. நீங்க மந்திரின்னு சொல்றது இங்க ஊண்ட். ஊண்ட்னா ஒட்டகம்."

அன்று யானையும் குதிரையும் மட்டுமே இருவருக்கும் பொதுவாக இருந்தன. இந்தியில் ஹாத்தி, கோடா. தமிழில் யானை, குதிரை. மற்றவற்றுக்கு மகள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒரு பக்கம் அவள் சொல்; மறு பக்கம் அப்பா சொல். அப்பா சொன்ன தமிழ்ப் பெயர்களைத் தமிழிலேயே எழுதப் பழகிக்கொண்டாள்.

உண்மையில் இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த பழைய சதுரங்கத்தில் ராணி கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரிதான். குறுக்காக ஒரே ஒரு கட்டம் போகும் பலவீனமான காய் அது. ஆட்டம் பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பிறகு அந்த மந்திரி ராணியாக மாறியது. 15-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதற்கு இன்றைய பலம் கிடைத்தது. வடக்கே இந்திக்காரர்கள் பழைய பதவியை மறக்காமல் வஜீர் என்றே சொல்கிறார்கள். தமிழில் அதை ராணியாக்கிவிட்டு, மந்திரி பட்டத்தைப் பக்கத்துக் காய்க்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாலே நகர்த்தலில் தோல்வி

பெயர்த் தகராறு தீர்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. நாலே நகர்த்தலில் அப்பா தோற்றார்.

மகள் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அப்பாவும் அப்படியே செய்தார். அவள் மந்திரியைக் குறுக்காக வெளியே கொண்டுவந்தாள். அப்பா ஒரு குதிரையை எடுத்தார். அவள் ராணியைப் பலகையின் ஓரம்வரை ஓட்டினாள். ராணியை விரட்டலாம் என்று அப்பா இன்னொரு குதிரையை எடுத்தார். அவ்வளவுதான். ராணி வந்து, அப்பாவுடைய ராஜாவின் காலடியில் நின்ற சிப்பாயை வெட்டியது. ராஜா ராணியை வெட்ட முடியாது; பின்னால் மந்திரி காவல். தப்பி ஓடவும் இடமில்லை. செக்மேட்!

அடுத்த நாளும் அதே தோல்வி. அதற்கடுத்த நாளும் அதே.

மூன்றாம் நாள் இரவு டூட்டியில் அவருக்கு மனசு வேலையில் நிற்கவில்லை. கடைசி லோக்கல் வண்டிகள் ஓடி முடித்து ஷெட்டுக்குத் திரும்பும்வரை ஃபிட்டர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். சாக்பீசை எடுத்துத் தரையில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டார். சிப்பாய்க்கு நட்டு. குதிரைக்கு வளைந்த ஆணி. மந்திரிக்கு நீள போல்ட். யானைக்குப் பெரிய வாஷர். ராஜாவுக்கும் ராணிக்கும் இரண்டு டீ கிளாஸ்.

காய்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ராஜாவுக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் அந்த ஒரு சிப்பாய்க்கு, ராஜாவைத் தவிர வேறு யாரும் காவல் இல்லை! மற்ற சிப்பாய்கள் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் பின்னால் இருக்கிறார்கள். மகள் தேடி அடித்தது அந்த அனாதைச் சிப்பாயைத்தான்.

ஆடு புலியிலும் தனியாகப் போன ஆடுதான் முதலில் சாகும். அது அவருக்குத் தெரியும். "இத்தனை வருசம் கழித்து, ஊர்க் கோவில் தரை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது" என்று அந்த இரவைப் பற்றிச் சொல்கிறார்.

மறுநாள் மகள் ராணியை ஓரத்துக்கு ஓட்டினாள். அப்பா தன் ராணியை எடுத்து, ராஜாவுக்கு முன்னால் காலியாக இருந்த கட்டத்தில் வைத்தார். சிப்பாய்க்கு இரண்டு காவல் ஆகிவிட்டது. மகள் பலகையை வெகு நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

அந்த ஆட்டத்திலும் அவர் தோற்றார். ஆனால் 30 நகர்த்தலுக்கு மேல் தாக்குப் பிடித்தார்.

ஷெட்டில் ஒரு பெரியவர்

கார் ஷெட்டில் உத்தரப் பிரதேசத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு ஆண்டு பாக்கி. சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்ததும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஆடியது பழைய நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவையிலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜாவை யானைக்குப் பின்னால் ஒளித்துக் கோட்டை கட்டும் வழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம்.

இருவரும் பேசிக்கொள்ள வார்த்தை அதிகம் இல்லை. நம்மவருக்கு ஷெட் இந்தி. அவருக்குக் கிராமத்து இந்தி. ஆனாலும் ஒரு வருடம் எதிர் எதிரே உட்கார்ந்து ஆடினார்கள். ஒரு வாரம் நாட்டு விதி. மறு வாரம் மகள் சொன்ன விதி. பெரியவர் பொறுமைசாலி. ஒரு நட்டை நகர்த்த முழு டீயையும் குடித்து முடிப்பார். அவசரப்படாமல் இருப்பதை அவரிடம் கற்றதாக ஃபிட்டர் கூறுகிறார்.

வீட்டிலோ மகள் வாத்தியார். "தொட்டால் அதைத்தான் ஆடணும்" என்பது அவள் போட்ட கண்டிப்பு. அப்பா கை நடுங்கிக் காயைத் தொட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் விடமாட்டாள். நகர்த்தல்களை எழுதவும் சொல்லிக் கொடுத்தாள். பலகையில் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எட்டு எழுத்து. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். எந்தக் கட்டத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி, தோற்ற ஆட்டங்களை எல்லாம் அவர் சேர்த்து வைத்திருக்கிறார்.

குகேஷ் வென்ற பிறகு

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரேனை வென்று உலக சாம்பியன் ஆனார். 14 ஆட்டங்களில் ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கு. வயது 18. அன்று தமிழர் வீடு எல்லாவற்றிலும் அதே பேச்சு.

கோலிவாடா வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் அங்கே பேச்சு வேறு பக்கம் திரும்பியது. நம் பெண்ணும் ஏன் அப்படி ஆகக்கூடாது? அப்பாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தனிப் பயிற்சி கொடுப்பவர்களை விசாரித்தார். மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டுச் சொசைட்டியில் கடன் போடலாமா என்று கணக்குப் பார்த்தார். ஓவர்டைம் கேட்டு வாங்கினார்.

மனைவி ஒரே கேள்வி கேட்டார்: கடன் வாங்கிப் படித்த விளையாட்டில் பிள்ளை தோற்றுவிட்டால், அன்றைக்கு அவளை எந்த முகத்தோடு பார்ப்பீர்கள்?

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் இரண்டு மாதத்தில் தானாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. பெற்றோர்கள் மண்டபத்துக்கு உள்ளே போக முடியாது; வெளியே மரத்தடியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போதும் நூறு முகங்கள் வாசலைப் பார்க்கும். பிள்ளை சிரித்தால் அப்பா சிரிப்பார். பிள்ளை தலை குனிந்தால் அப்பாவின் முகம் கறுக்கும்.

அன்று மகள் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றாள். மூன்றாவது ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டியது. வீடு திரும்பும்போது லோக்கல் வண்டியில், நாலு பேர் பார்க்க, அவர் சத்தம் போட்டார். செலவான பணத்தைச் சொல்லிக் காட்டினார்.

மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து பலகையைச் சுருட்டி, காய்களைப் பையில் போட்டு, அம்மாவிடம் கொடுத்துப் பரணில் வைக்கச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கும் போகவில்லை.

பெற்றோர் பலவிதம்

சதுரங்கத்தில் பெயர் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல.

விசுவநாதன் ஆனந்துக்கு 6 வயதில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. தந்தை ரயில்வே அதிகாரி. தெற்கு ரயில்வேயின் ஜெனரல் மானேஜராக இருந்தவர். 1970-களின் கடைசியில் அவர் பிலிப்பைன்ஸ் ரயில்வே வேலைக்காகப் போனபோது குடும்பமும் மணிலாவுக்குப் போனது. அங்கே டெலிவிஷனில் பகல் நேரத்தில் செஸ் நிகழ்ச்சி வரும். அந்த நேரத்தில் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். ஆகவே தாயார் உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். ஆனந்த் அடுத்தடுத்துப் பரிசு வாங்கியதால், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்! 1988-ல் அந்தப் பையன்தான் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

மும்பையில் "நவாகாள்" மராத்திப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் நீலகண்ட காடில்கர். அவருக்கு வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி என்று மூன்று பெண்கள். பெண்களுக்கான முதல் தேசிய செஸ் பட்டத்தை 1974-ல் வாசந்தி வென்றார். அதிலிருந்து பத்து ஆண்டுகள் பட்டம் அந்த வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ரோகிணி 1976-ல் ஆண்களின் தேசியப் போட்டியிலேயே ஆடினார். எதிர்ப்புக் கிளம்பி வழக்கு வரை போனது. பெண்களைத் தடுக்கக் கூடாது என்று உலக செஸ் சம்மேளனத் தலைவர் மாக்ஸ் யூவே தீர்ப்புச் சொன்னார்.

சென்னையில் ஒரு வங்கி ஊழியரின் வீட்டில், மகள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காகச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அவர்தான் வைஷாலி. அக்காளைப் பார்த்துத் தம்பியும் ஆடத் தொடங்கினான். அவர் பிரக்ஞானந்தா. 2023-ல் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், உலகிலேயே முதல் அக்காள் தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் என்ற பெயர் கிடைத்தது. ஊர் ஊராகக் கூடப் போய்ச் சமைத்துப் போட்டவர் தாயார் நாகலட்சுமி.

குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை டாக்டர். மகனுடன் போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தினார். தாயாரின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது.

இந்தக் கதைகளை எல்லாம் படிக்கும் பெற்றோருக்குக் கடைசிக் கதை மட்டுமே மனதில் தங்குகிறது. அது ஆயிரத்தில் ஒரு வீட்டுக்குப் பொருந்தலாம். 1988-ல் ஒருவராக இருந்த இந்திய கிராண்ட்மாஸ்டர்கள் 2025 முடிவதற்குள் 85-ஐத் தாண்டிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்டபங்களில் உட்காரும் பிள்ளைகள் பல ஆயிரம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சாம்பியன் ஆகப் போவதில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் செஸ் என்னவாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பரணிலிருந்து இறங்கிய பலகை

பலகை பரணில் ஒரு மாதம் இருந்தது.

ஃபிட்டர் அந்த ஒரு மாதமும் ஷெட்டில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். மகள் ஆடாதபோதும் தனக்கு ஆட வேண்டும் போல் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். கோப்பைக்காக என்றால் இந்த ஆசை எப்போதோ போயிருக்க வேண்டும். போகவில்லை. வண்டியில் தொங்கிக்கொண்டு போகும்போதும் மனதுக்குள் குதிரை தாவிக்கொண்டிருந்தது.

உத்தரப் பிரதேசத்துப் பெரியவர்தான் யோசனை சொன்னார்: "பிள்ளையை அனுப்பினாயே, நீ போனாயா?"

வயது வரம்பு இல்லாத போட்டிகளும் உண்டு. 8 வயதுப் பையனும் 60 வயதுப் பெரியவரும் எதிரெதிரே உட்காரலாம். அவர் வீட்டில் சொல்லாமல் ஒரு போட்டிக்குப் பணம் கட்டினார். ஆளுக்கு 15 நிமிடக் கடிகாரம்.

முதல் ஆட்டம் கண்ணாடி போட்ட ஒரு சிறுவனிடம் தோல்வி. அந்தச் சிறுவன் கை கொடுத்து, "அங்க்கிள், நீங்க அந்தக் குதிரையை எடுத்திருக்கலாம்" என்று ஆறுதலும் சொன்னான். இரண்டாவது ஆட்டமும் தோல்வி. தோற்றுவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நிற்கும் பெற்றோர்களின் முகங்களைக் கடந்து போகும்போது எப்படி இருக்கும் என்பது அன்று அவருக்கு விளங்கியது.

மூன்றாவது ஆட்டத்தில் அதிர்ஷ்டம் வந்தது. எதிரிக்கு ராஜா ஒன்றுதான் மீதி. இவரிடம் ராணி இருந்தது. எதிரியின் ராஜாவை மூலைக்கு விரட்டினார். அங்கிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைத்தார். ராஜாவுக்கு எந்தப் பக்கமும் நகர இடமில்லை. அடைத்தாகிவிட்டது! வெற்றி என்று கையை நீட்டினார்.

எதிரில் இருந்தவர் சிரித்தார். நடுவர் வந்து பார்த்து, ஆட்டம் டிரா என்றார்.

ராஜா நகர முடியாமல் நிற்கிறது. ஆனால் அதன் மேல் செக் இல்லை. அப்படியானால் யாருக்கும் வெற்றி இல்லை. மகள் முன்பே சொல்லிக் கொடுத்த விதிதான். கடிகாரம் ஓடும் அவசரத்தில் அவர் கை பழைய ஆடு புலி ஆட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே புலியை அடைத்தால் வெற்றி. இங்கே ராஜாவை அடைத்தால் மட்டும் போதாது, தாக்கவும் வேண்டும்.

அன்று மாலை அவர் அரை பாயிண்டுடன் வீட்டுக்கு வந்தார். போட்டிக்குப் போய் வந்ததையும், வரிசையாகத் தோற்றதையும், கடைசியில் ஏமாந்ததையும் மகளிடம் சொன்னார். லோக்கல் வண்டியில் சத்தம் போட்டது தப்பு என்றும் சொன்னார்.

மகள் ஒன்றும் பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணிலிருந்து பலகையை இறக்கினாள். ராஜாவை மூலையில் வைத்தாள். ராணியை அவர் சொன்ன இடத்தில் வைத்தாள்.

"இங்க வைக்கக் கூடாதுப்பா. முதல்ல உங்க ராஜாவைக் கிட்டக் கொண்டு வரணும். அதுக்கப்புறம்தான் ராணி" என்று பாடம் தொடங்கியது. அன்று இரவு சாப்பாடு பத்தரை மணிக்கு.

தனிப் பயிற்சிக்குக் கடன் வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது. மகள் சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்பப் போனாள். 2025 ஜூலையில் நாக்பூர்ப் பெண் திவ்யா தேஷ்முக் ஜார்ஜியாவில் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது, இருவரும் அந்த ஆட்டங்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தார்கள். மகள் சாம்பியன் ஆவாளா என்று அப்பா கேட்கவில்லை.

எப்படித் தொடங்குவது?

செஸ் தெரியாத பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. 32 காய்களையும் முதல் நாளே அடுக்க வேண்டாம். ஆளுக்கு எட்டுச் சிப்பாயை மட்டும் வைத்து, யாருடைய சிப்பாய் முதலில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிறது என்று ஆடலாம். சிப்பாய் நேராக நடக்கும், குறுக்காக வெட்டும் என்பது அதிலேயே பழகிவிடும். பிறகு ராஜா, அடுத்து யானை, பிறகு மந்திரி, ராணி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். குதிரை கடைசியில் வரட்டும். அதுதான் எல்லாரையும் குழப்பும்.

பலகையை விரிக்கும்போது, ஆளுடைய வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை தானாகச் சரியாகும்.

பிளாஸ்டிக் விரிப்பும் காய்களும் நடைபாதைக் கடையிலேயே கிடைக்கின்றன. டெலிபோனில் ஆட விரும்புகிறவர்களுக்கு லிசெஸ் என்ற இணையதளம் காசு வாங்காமல் ஆடவிடுகிறது; அதில் விளம்பரமும் இல்லை. ஆனால் வீட்டில் பிள்ளை இருந்தால் பலகைதான் நல்லது. டெலிபோனில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

முக்கியமான ஒன்று: பிள்ளையைச் சொல்லிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பெரியவர்களிடமே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, தன் அப்பாவோ அம்மாவோ தன்னிடம் கேட்பது பெரிய மரியாதை. பெற்றோர் வேண்டுமென்றே தோற்கக் கூடாது. பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். நன்றாக ஆடித் தோற்க வேண்டும். அது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும்!

புத்தகமும் திறந்தது

இப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 12. அப்பா பத்து ஆட்டம் ஆடினால் இரண்டில் ஜெயிக்கிறார். சுவரில் ஒட்டிய தாள் கிழிந்துவிட்டது. ராணிக்கு அப்பா வஜீர் என்கிறார். மகள் ராணி என்கிறாள். ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்துக்கொண்டார்கள்.

உத்தரப் பிரதேசத்துப் பெரியவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஃபிட்டர் அவருக்கு மரக்காய் செட் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஷெட் தரையில் சாக்பீஸ் கட்டம் இன்னும் இருக்கிறது. இப்போது எதிரில் உட்காருகிறவர் ஒரு மராத்தி இளைஞர்.

சில மாதங்களுக்கு முன்பு மகள் பூகோளப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். உலகப் படத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அட்ச ரேகை, தீர்க்க ரேகை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம பலகை மாதிரில்லா இருக்கு? கீழே ஒரு எண், பக்கத்துல ஒரு எண். ரெண்டும் சேர்ந்தா ஊரோட விலாசம்" என்றார்.

ஆமாம் என்றாள் மகள். பிறகு மும்பை எந்தக் கோட்டில் இருக்கிறது, திருநெல்வேலி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். அவளுடைய பள்ளிப் புத்தகம் ஒன்றை அவர் அரை மணி நேரம் கையில் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை.